அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டரை யாரும் அணைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு மனிதர் அதன் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து காவல் காப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன வாரம். எங்கள் எதிர்வீட்டில்.

மனிதர் பெயர் ஏகாம்பரம். பட்டுத்தறி நெய்கிறவர். பரம சாது. அன்றைக்கு என்னவோ, வாசலில் நுழைகிற ஆட்களையெல்லாம் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்விட்ச் மேல் குறுக்கும் நெடுக்குமாக செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டியிருந்தது. வேண்டுதலாம்!

"வாங்கக்கா... கால் பாத்து வைங்க. ஒயரு இருக்குது" என்றார்.

அக்கா நான்தான். அவர் மனைவி தனம் என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே கூப்பிடுகிறது. பத்திரிகைக்கு இந்தப் பத்தியை நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்து அனுப்புகிறேன் என்பது தெருவுக்குத் தெரியும். அதனால் எந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்தாலும் எனக்கு ஆள் வரும். எனக்கு டைப் அடிக்க மட்டும்தான் தெரியும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். யார் நம்புகிறார்கள்?

தனம் புடவை டிசைன் வரைகிறவள். பேப்பரில் இல்லை, கம்ப்யூட்டரில். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்துக்கொண்டே போவாள். மயில் வரும், யாளி வரும், மாங்காய் வரும். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறி, எந்த இழை தூக்கணும், எது இறங்கணும் என்று சொல்லும். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணிவிடும்.

முன்பு ஒரு டிசைன் சென்டரில் சம்பளத்துக்கு வரைந்துகொண்டிருந்தாள். வரைவது இவள், வெளியே போவது சென்டர் பெயரில். ஒரு கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மணப்பெண்ணைக் கண்ணால் காட்டி, "அக்கா, அந்த பார்டரு நான் போட்டது" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

"போய்ச் சொல்லேன்டி அந்தப் பொண்ணுகிட்ட!"

"சொன்னா நம்புவாங்களா? என் பேரு எதுலக்கா இருக்குது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இலையில் பாயசம் அப்படியே இருந்தது.

மூடிவிட்ட ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, தனக்கென்று வரைய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். டிசைன் சென்டர் வேலை முடிந்து, சமையல் முடிந்து, மிச்சம் இருக்கிற நேரத்தில். வருஷக்கணக்கில் வரைந்தாள். பார்டர், முந்தி, உடம்பு என்று எல்லாம் அவள் மண்டையிலிருந்து வந்தது. இந்த வருஷம் வேலையை விட்டாள். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்கிறவர், வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து டிசைன் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்தா பழைய கம்ப்யூட்டர், கட்... கட்... கட் என்று பல்லைக் கடிக்க வேண்டும்?

சர்வீஸ்காரர் வந்தார். காதை வைத்துக் கேட்டார். "ஹார்ட் டிஸ்க் போவப் போவுதும்மா. ஓடுற வரைக்கும் ஓடும். ஒரு தபா ஆஃப் பண்ணீங்கன்னா, மறுபடி எந்திரிக்கும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன்" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றையிலிருந்து அது அணையா விளக்கு. ஏகாம்பரம் அதற்குக் காவல்.

"வேற எங்கயும் காப்பி எடுத்து வெக்கலையாடி?" என்று தனத்தைக் கேட்டேன்.

"இல்லக்கா. வேலைல இருக்கும்போது, தனியா வரையுறேன்னு சென்டருக்குத் தெரிஞ்சா பிரச்சினை ஆவும்னு பயம். வீட்டை விட்டு எதையும் வெளிய எடுத்துக்கினு போவல. எல்லாமே இதுக்குள்ளதான் இருக்குது."

எல்லாமே! பல்லைக் கடிக்கிற ஒரு டப்பாவுக்குள்!

ஃப்ளாப்பி? அதில் ஒரு டிசைனில் பாதி கூட அடங்காது. சிடி? அந்த மிஷின் சிடியைப் படிக்கும், எழுதாது. பென் டிரைவ்? சொருகினோம். ஏதோ டிரைவர் போடச் சொன்னது. போட்டால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றது. ரீஸ்டார்ட் என்ற வார்த்தையைப் படித்துக் காட்டியதும் ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். ரீஸ்டார்ட்டில் கரண்ட் நிற்காது என்று விளக்கிப் பார்த்தோம். "நிக்குதோ இல்லியோ, அது தூங்கி எந்திரிக்கணும் இல்ல? வேணாங்க்கா" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய கம்ப்யூட்டர் பிரௌசிங் சென்டரில் இருந்ததால், அதன் பின்னால் நெட்வொர்க் ஒயர் சொருகுகிற ஓட்டை இருந்தது. புதிதிலும் இருந்தது. இரண்டையும் நேராக ஒரு ஒயரால் கோத்துவிட்டால், இங்கிருந்து அங்கே இழுத்துக்கொள்ளலாம். தனம் ஏற்கெனவே கம்ப்யூட்டர் சாமான் கடை பாயிடம் சொல்லி ஒயர் வாங்கி வந்திருந்தாள். சொருகியும் பார்த்திருந்தாள். புதுக் கம்ப்யூட்டரின் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 'கேபிள் சொருகவில்லை' என்று ஒரு வரி.

"சொருகித்தானேக்கா இருக்குது? பாருங்க!"

பார்த்தேன். சொருகித்தான் இருந்தது. கழற்றி ஊதிச் சொருகினேன். முனையை மாற்றிச் சொருகினேன். கொஞ்சம் அதட்டியும் பார்த்தேன். அது பாட்டுக்கு 'சொருகவில்லை' என்றது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கம்ப்யூட்டரானால் என்ன?

'இன்றைக்கு நீயா நானா பார்த்துவிடுகிறேன்' என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வருகிறார்.

அவர் ஆபீசில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. அந்தத் தகுதியில் அவர் நெட்வொர்க் நிபுணர். சிவப்புக் குறியைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது அப்படித்தான் சொல்லும். ஐபி அட்ரஸ் குடுத்தியா?"

"அப்படின்னா?"

"ரெண்டும் ஒரே தெருவுல இருக்கணும். கதவு நம்பர் மட்டும் வேற வேறயா இருக்கணும். இல்லன்னா எப்படிக் கண்டுபிடிக்கும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழையதைத் தொடக் கூடாது. அதன் முகவரி என்ன என்று மட்டும் பார்த்துக்கொண்டு, புதிதுக்கு அதே தெருவில் பக்கத்து வீடு கொடுத்தோம். சிவப்பு போகவில்லை. பின்னர் கறுப்புத் திரையைத் திறந்து, 'ஏய், இருக்கியா?' என்று கூப்பிடுகிற கட்டளையை அடித்தோம். பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிசையாக வந்தது. திரும்ப அடித்தோம். திரும்பவும் அதே.

ஃபயர்வாலை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். ஒர்க்குரூப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். ஆக்கினோம். நெட்வொர்க் கார்டு டிரைவரைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். போட்டோம். இட்லி ஆறிப்போனது. தனம் வீட்டுச் சாம்பார், எங்கள் வீட்டுச் சாம்பார் இரண்டும் ஆறிப்போயின. கடைசியாக அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரி... பழைய மிஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டா..."

"சார்!" என்றார் ஏகாம்பரம், பாயிலிருந்து. அவ்வளவுதான். அந்த ஒரு 'சாரு'க்கு என் வீட்டுக்காரர் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று.

திங்கட்கிழமை காலை காபியோடு பேப்பரைப் பிரித்தால், உள்பக்கத்தில் ஒரு கட்டம். பராமரிப்புப் பணிக்காக நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகள். முதல் பெயரே எங்கள் பகுதி.

பேப்பரோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். தனம் படித்தாள். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யூபிஎஸ் எவ்ளோ நேரம்டி தாங்கும்?"

"கால் மணி நேரமே ஜாஸ்திக்கா." பேப்பரை மடித்து வைத்தாள். பிறகு, "திரும்பவும் சென்டர்லயே போய்க் கேக்க வேண்டியதுதான்" என்றாள். "சேத்துப்பாங்க. வேலை தெரிஞ்ச ஆளு இல்ல, நானு?"

அவள் அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை. அப்படிச் சொன்னாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"போவ... போவ! நாளைக்கு ஒம்பது மணிக்குத்தானே கரண்ட் போவுது? இன்னும் போகலை இல்ல? எந்திரிடி!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும்.

குற்றவாளி யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர்தான் இருக்கிறார்கள். புதுக் கம்ப்யூட்டர், ஒயர், பழைய கம்ப்யூட்டர். பழையதை நகர்த்த முடியாது. மற்ற இரண்டையும் விசாரித்துவிடலாம் இல்லையா?

சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்ததும், ஏகாம்பரத்தின் மொபெட்டில் தனம் பின்னால் உட்கார்ந்து, புதுக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தேரடிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர். நான் பின்னாலேயே ஆட்டோவில். ஏகாம்பரம் போனால் காவல்? என் வீட்டுக்காரரைப் பாயில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனோம். எதையும் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு!

பிரௌசிங் சென்டரில், தனம் கொண்டுபோன அதே ஒயரின் ஒரு முனையை, எல்லா கம்ப்யூட்டர் ஒயரும் வந்து சேருகிற அவர்களுடைய பெட்டியில் சொருகினோம். இன்னொரு முனை புதுக் கம்ப்யூட்டரில். அடுத்த நொடி சிவப்பு போயிற்று. பச்சை விளக்கு பளிச். இன்டர்நெட்டே வந்தது!

தனம் முகத்தில் ஒரு சந்தோஷம். என் முகத்திலும்தான். ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் அந்தச் சந்தோஷத்துக்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. புதுக் கம்ப்யூட்டர் நிரபராதி. ஒயர் நிரபராதி. அப்படியானால் குற்றவாளி? பழைய கம்ப்யூட்டரில் ஒயர் சொருகுகிற நெட்வொர்க் கார்டு செத்துப்போயிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் மிஷினை அணைக்க வேண்டும். அணைத்தால்...

அவ்வளவுதான். கதை முடிந்தது.

வீட்டுக்கு வந்து அதே ஒயரைத் திரும்பச் சொருகினோம். சிவப்பு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "போய்ப் படுங்கக்கா" என்றாள் தனம்.

படுத்தேன். தூக்கம் வருமா?

செவ்வாய் காலை, விடிந்ததும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏகாம்பரம் பாயில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தனம் தறியில் இருந்தாள். பழைய பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், முடிகிற இடத்தில் புதுப் பாவை இணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் ஓடுகிற ஒவ்வொரு இழையின் நுனியோடும் புது இழையின் நுனியைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். சிவப்போடு சிவப்பு, மஞ்சளோடு மஞ்சள். அவள் விரல் போகிற வேகத்துக்குக் கண் போகாது.

"கை சும்மா இருந்தா அழுவை வருதுக்கா. அதான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "தனம், விட மனசு வரலைடி. முதல்லேர்ந்து சொல்லு. ஒயர் வாங்கப் போனியே, அதுலேர்ந்து."

"ஒயர் மேல சந்தேகமே வேணாங்க்கா. அத நானே செக் பண்ணித்தான் எடுத்துக்கினு வந்தேன். மொதல்ல தப்பாத்தான் குடுத்தாரு பாயி."

"என்ன தப்பா?"

"உள்ள எட்டு கலரு கம்பி இருக்குது இல்ல? ரெண்டு முனையிலயும் ஒரே வரிசையில வரணும் இல்ல? வீட்டுக்கு வந்து பாக்குறேன், ஒரு முனையில ஆரஞ்சு இருக்கற எடத்துல, இன்னொரு முனையில பச்சை நிக்குது. இழை மாறிப்போயிருக்குதேன்னு திரும்ப எடுத்துக்கினு போனேன். பாயி இல்ல, அவரு தம்பிதான் இருந்தாரு. 'வரிசை தப்பா இருக்குதுண்ணா, சரியாப் போட்டுக் குடுங்க'ன்னு சொன்னேன். ஒரு முனைய வெட்டிட்டு, இன்னொரு முனை மாதிரியே நேராப் போட்டுக் குடுத்துட்டாரு."

பெருமையாகத்தான் சொன்னாள். கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தக் குட்டி பிளாஸ்டிக்குக்குள் கம்பி மாறியிருப்பதை வேறு யார் பார்த்திருப்பார்கள்? நீங்கள் பார்ப்பீர்களா? நான் சத்தியமாகப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு என்னவோ நெருடியது. தினமும் ஒயர் முனை கட்டிக் கட்டியே பிழைக்கிற மனுஷன். ஒரு முனையைச் சரியாகக் கட்டிவிட்டு, அடுத்த முனையில் கோட்டை விடுவாரா?

"பாய் நம்பர் இருக்கா?"

"இருக்குது. ஆனா இவ்ளோ காலைல..."

"குடுடி!"

நாலாவது மணியில் எடுத்தார். குரலில் தூக்கம். எந்த ஒயர், எந்தத் தெரு, எந்தத் தனம் என்று புரிய வைத்து, விஷயத்தைச் சொன்னேன். தூக்கம் போய்விட்டது.

"அரே! நான் க்ராஸ் கேபிள் போட்டுக் குடுத்தேம்மா! ரெண்டு கம்ப்யூட்டர நேரா கோக்கணும்னுதானே அந்தம்மா கேட்டாங்க? அதுக்குத்தானே வேணும்னே மாத்திப் போட்டேன்! யாரு அத வெட்டுனது?"

"உங்க தம்பிதான் பாய்..."

"அவன் ஏன் வெட்டுனான்?"

தனம் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான்தான் பாய் சொன்னேன். தப்பா இருக்குதுன்னு நெனச்சிக்கினு..."

அதற்குப் பாய் சொன்னது எனக்கே கேட்டது. அவ்வளவு உரக்கச் சொன்னார்.

"அம்மா, ஒரு மிஷினு வாயிலேர்ந்து வர்ற கம்பி, இன்னொரு மிஷினு காதுக்குப் போவணும்மா. நீ என்னா பண்ணிட்ட? வாயோட வாயக் கட்டிட்ட. காதோட காதக் கட்டிட்ட. ரெண்டும் பேசிக்கினே கெடக்குது, கேக்குறதுக்கு ஆளு இல்ல!"

"ஆனா பிரௌசிங் சென்டர்ல இதே ஒயர் வேலை செஞ்சுதே பாய்?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"அங்க நடுவுல ஒரு பொட்டி இருந்திச்சு இல்ல? அது வாங்கி, மாத்தி விட்டுடும். அதுக்கு நேராத்தான் போவணும். இங்க நடுவுல யாரு இருக்கா? நீங்கதான் மாத்திக் குடுக்கணும்."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார். வாயோடு வாய், காதோடு காது என்று பாய் சொன்னதைக் கேட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்த விவாதத்தை வேறொரு நாளைக்கு ஒத்திவைத்தோம்.

"கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க பாய்?"

"கடைய விடுங்க. டூலு வீட்லதான் இருக்குது. ஒயர எடுத்துக்கினு வரச் சொல்லுங்க, போட்டுக் குடுக்கறேன்."

தனமும் ஏகாம்பரமும் மொபெட்டில் பறந்தார்கள். ஸ்விட்சுக்குப் பக்கத்துப் பாயில் இப்போது நான். என் வீட்டுக்காரரை நம்பாமல் இல்லை... ஆனாலும்.

பாய் வீடு ஊருக்கு அந்தக் கோடியில்; அவர்கள் திரும்பி வந்தபோது எட்டரை தாண்டியிருந்தது. தனத்துக்கு மூச்சு வாங்கியது. "அவரு கம்பிய மாத்தி மாத்திப் போடும்போது என்னால பாக்கவே முடியலக்கா. தப்பு தப்புன்னு கையி தானாப் போவுது. கண்ண மூடிக்கினேன்."

சொருகினோம்.

சிவப்பு போயிற்று!

பழைய மிஷினின் முதுகில், செத்துப்போனதாக நாங்கள் நினைத்த கார்டில், ஒரு குட்டிப் பச்சை விளக்கு சிமிட்டியது. தனம் "அக்கா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கண்ணாடி கீழே விழுந்தது. நான் அதைத் தேடவில்லை.

பழையதின் முகவரியை அடித்ததும் ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே அத்தனையும். எல்லாவற்றையும் பிடித்து இழுத்துப் புதிதில் போட்டோம். நீலக் கோடு நகர ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் ஆகும் என்றது. மறு நொடியே பன்னிரண்டு நிமிஷம் என்றது. எதை நம்புவது?

பாதியில் நின்றுவிட்டது. கட்... கட்... கட். ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லையாம். ஒரு ஃபைலுக்காக மொத்தக் காப்பியையும் நிறுத்திவிட்டது, மகராசன்!

"எதுடி அது?"

தனம் பெயரைப் படித்தாள். "கல்யாண முந்திக்கா. யானை வரிசை. ஆறு மாசம் வரைஞ்சது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர், "இன்னொரு தரம் முயற்சி பண்ணலாமே" என்றார். கடிகாரம் ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம் சார். அத வுட்டுடுங்க. மத்தத எடுங்க" என்றாள்.

அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடித்து இழுத்தோம். கோடு நகர்ந்தது. பாதி. பாதிக்கு மேல். ஃபேன் நின்றது.

கரண்ட் போய்விட்டது. சொன்ன நேரத்துக்கு, கன கச்சிதமாக!

யூபிஎஸ் கீ... கீ... என்று அலற ஆரம்பித்தது. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர். அது எவ்வளவு நேரம்தான் இழுக்கும்? "பழைய மானிட்டரை அணை! அது நமக்கு வேண்டாம், கரண்டைத் தின்னும்!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை! ஏகாம்பரம் பாய்ந்து, எது மானிட்டர் ஸ்விட்ச் என்று இரண்டு முறை தடவிப் பார்த்து, அணைத்தார்.

நாலு பேரும் அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தனம் என் கையைப் பிடித்திருந்தாள், வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீச்சுச் சத்தம் இடைவெளி இல்லாமல் வர ஆரம்பித்தது.

கோடு மறைந்தது. முடிந்துவிட்டது!

தனம் என் கையை விட்டாள். புதுக் கம்ப்யூட்டரை முறைப்படி, நிதானமாக அணைத்தாள். அப்புறம் பழையதையும் அவளே அணைத்தாள். டேப்பைப் பிய்த்து, மஞ்சள் துணியை அவிழ்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு அணைத்தாள். பிறகுதான் அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு அழுதாள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். ஆண்கள் இருவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும், அந்த யானை முந்தி கிடைக்குமா என்று பழையதைப் போட்டுப் பார்த்தோம். கட்... கட் என்றது. அப்புறம் அதுவும் இல்லை. சர்வீஸ்காரர் வாக்கு பலித்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் எனக்கு ஒரே யோசனை. எத்தனை இடத்தைத் தட்டிப் பார்த்தோம்! முகவரி, பெயர், ஃபயர்வால், டிரைவர்... தப்பு இருந்தது ஒரே ஒரு இடத்தில். அந்த இடத்தைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்? அதை நாமே சரி செய்துவிட்டோம் என்ற நிச்சயம். வேறு யாராவது செய்ததாக இருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்போம். நாம் செய்தது ஆயிற்றே! மாமியாரைத் திருத்தியது, மருமகளைத் திருத்தியது, பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று முடிவு செய்தது... வீட்டில் எங்கோ ஒயர் பேசவில்லை என்றால், நாம் திருத்திவிட்டு மறந்துபோன இடத்தை ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன?

தனத்திடம் இதைச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. யானை முந்தியை மறுபடி முதல் கட்டத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சென்னைக்காரர் வந்தார். சட்டையில் மடிப்பு கலையாத ஆள். காபி நான்தான் போட்டேன். ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையையே பார்த்தார். தனம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பார்த்தார். அடுத்தது. பார்த்தார். காபியில் ஆடை படிந்தது, எடுக்கவில்லை. ஒரு பார்டரில் நிறுத்தச் சொன்னார். கிட்டே போய்ப் பார்த்தார்.

பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்குதுங்க. இதெல்லாம் எந்த சென்டர்ல போட்டது?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"சென்டர் இல்லீங்க" என்றாள் தனம். "இந்தப் பக்கம் பாத்துக் கேளுங்க. நான் போட்டது."